கடைக்கு மூன்று அங்குலம்

அத்தையின் கடையை நான் முதல்முறை அளந்தபோது உள் அகலம் பத்தடி ஆறு அங்குலம் வந்தது. அப்பா வரைந்த வரைபடத்தில் பத்தடி ஒன்பது அங்குலம் என்று இருந்தது. நான் என் நோட்டில் ஆறை அழித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், நான் ஆரம்பத்திலிருந்தே எதையோ கண்டுபிடிக்கக் கிளம்பியவள் என்று படிக்கிறவர்களுக்குத் தோன்றிவிடும். அப்படியெல்லாம் இல்லை.

பகலில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவேன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வில்லை உட்காராது. அதனாலோ என்னவோ, எதையும் மூன்று தடவை பார்த்தால்தான் எனக்கு மனசு ஆறும். மூன்றாவது தடவையும் சரியாக இருந்துவிட்டால் நான்காவதாக ஒரு பயம் வரும். அத்தை எனக்கு வைத்த பெயரே 'சந்தேகம்'. வாரத்தில் மூன்று நாள் மாலை ஆறரை மணிக்குத் தொழிற்பள்ளியில் கட்டட அளவீட்டு வகுப்புக்குப் போகிறேன். கடைவீதியில் பழைய கடைக் கட்டடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அளந்து, வரைந்து, அதன் வரலாற்றை இரண்டு பக்கத்துக்கு எழுத வேண்டும் என்பது அந்த வகுப்பில் கொடுத்த வேலை. நான் அத்தையின் பொத்தான் கடையை எடுத்துக்கொண்டேன். வேறு யார் கடையிலும் ஏணி போட்டு ஏற எனக்குக் கூச்சம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கடைவீதியின் கிழக்குப் பக்கத்தில் பன்னிரண்டு கடைகள் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஒட்டி நிற்கின்றன. மூலையில் இருக்கும் டீக்கடை ஒன்றாம் எண். அத்தையுடையது ஏழு. முகப்பின் உச்சியில், கட்டிய ஆண்டை எழுதியிருக்க வேண்டிய இடத்தில், இப்போது ஒரு வெற்றுச் சதுரமும் நிரந்தரமாக இரண்டு புறாக்களும் இருக்கின்றன. எல்லாக் கடைகளிலும் உத்தரத்தில் பெரிய இரும்புக் கொக்கிகள் தொங்குகின்றன. அத்தை அதில் குடையை மாட்டியிருக்கிறாள். டீக்கடைக்காரர் வாழைத்தாரை மாட்டுகிறார். எதற்காக அடித்த கொக்கி என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. அத்தையின் கடைச் சுவர் முழுவதும் சின்னச் சின்ன இழுப்பறைகள், மொத்தம் நூற்று நாற்பது. ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கும் பொத்தானில் ஒன்றை ஒட்டியிருப்பாள். தைக்கிறவர்கள் சட்டையோடு வந்து சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்து, கையை நீட்டினால் போதும்.

அப்பா நகராட்சி அலுவலகத்தில் வரைவாளர். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் இந்த வரிசையை அளந்து வரைந்தது அவர்தான். அலுவலகத்தில் இன்றுவரை அதுதான் அதிகாரப்பூர்வமான வரைபடம். அதன் நகல் ஒன்று சட்டம் போட்டு எங்கள் கூடத்தில் தொங்குகிறது. நான் எண்களைப் படிக்கக் கற்றதே அதில்தான். அந்தப் படத்துக்கும் என் நாடாவுக்கும் ஒத்துவரவில்லை என்றால், தப்பு எங்கே இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. அழித்தேன், எழுதினேன், கொடுத்தேன். வகுப்பு எடுக்கும் மேடம் பத்துக்கு ஒன்பது போட்டார்.

மேடம் பகலில் வீடு கட்டுகிறவர். செருப்பில் சிமெண்டோடுதான் வகுப்புக்கு வருவார். முதல் நாளே சொன்னார்: "கூட்டினா வரணும். வரலேன்னா, வரலேன்னு எழுதுங்க. மிச்சத்தை ஒளிச்சு வெச்சா என்னைக்காவது அது மேல சுவர் விழும்." நான் அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அப்படிப் போட்ட நான்தான் ஆறை அழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தைக்கு நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை உள்ள ஐந்து கடைகளையும் பக்கத்து இரும்புக்கடைக்காரர் வாங்கிவிட்டார். அவற்றை இடித்து மூன்று மாடி கட்டப்போகிறார். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே பொதுச்சுவர். எட்டை இடித்தால் ஏழும் நிற்காது. ஆகவே ஏழாம் எண்ணைக் காலி செய்வது குறித்து வரும் திங்களுக்கு அடுத்த திங்கட்கிழமை விசாரணை. இதுதான் கடிதத்தின் சாரம். பின்னால் அப்பாவின் வரைபடத்தை ஊசி குத்தி இணைத்திருந்தார்கள்.

நான் போனபோது இரும்புக்கடைக்காரர் அத்தையின் கடைவாசலில் நின்று சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல வாட்டசாட்டமான மனிதர். வாசலை முழுவதுமாக அடைத்துக்கொண்டு நின்றதால் அத்தை உள்ளே விளக்கைப் போட்டிருந்தாள்.

"அக்கா, உங்களை என்ன ரோட்டுலயா நிக்க வெக்கிறேன்? புதுக் கட்டடத்துல ரெண்டாவது மாடியில ஜம்முனு ஒரு ரூம் தரேன்."

"ரெண்டாவது மாடிக்கு எவ ஏறி வருவா ஒரு ஊக்கு வாங்க? நீ ஏறுவியா? இந்த ஒரு படி ஏறவே உனக்கு மூச்சு வாங்குது."

"சுவர் ஒண்ணுக்கா. நான் என்ன செய்யட்டும்? நான் என் பங்கை எடுத்தா உங்களது தானா வந்துரும். பிளான் அப்படித்தான் சொல்லுது. அதை வரைஞ்சது யாரோ இல்ல, உங்க கூடப்பிறந்த தம்பி."

முப்பத்தொரு வருடமாக அந்தக் கடைதான் அத்தைக்கு வீடு, வேலை, பொழுதுபோக்கு எல்லாம். இரும்புக்கடைக்காரர் போன பிறகு, ஏதோ ஓர் இழுப்பறையைத் திறந்து பொத்தான்களைக் கையில் அள்ளி மறுபடி உள்ளேயே போட்டாள்.

"ஏண்டி சந்தேகம், இந்த நூத்தி நாப்பதையும் எப்படிடி கழட்டுவாங்க?"

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாம் எண்: பத்தடி ஒன்பது அங்குலம். நான் அழித்த ஆறு அப்போதுதான் உறுத்த ஆரம்பித்தது. இந்தத் தாள்தான் அத்தையை வெளியே போகச் சொல்கிறது. அதில் ஓர் எண் தப்பாக இருக்கலாம் என்றால், 'ஒரே சுவர்' என்பது மட்டும் ஏன் சரியாக இருக்க வேண்டும்? நான் உடனே அத்தையிடம் எதையும் சொல்லவில்லை. ஆசை காட்டிவிட்டு, கடைசியில் என் நாடாதான் தப்பு என்று ஆகிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளந்தேன். பத்தடி ஆறு. இரும்புக்கடைக்காரரிடம் கேட்டேன். "அளந்துக்கோம்மா, இடிக்கறதுக்கு முன்னாடி யாராவது ஆசையா பாத்தா சரி" என்றார். அவருடைய எட்டாம் எண் வரைபடத்தில் பதினான்கடி மூன்று அங்குலம். எனக்குச் சரியாகப் பதினான்கடி வந்தது. டீக்கடை வரைபடத்தில் எட்டடி மூன்று, எனக்கு எட்டடி.

எல்லாமே மூன்று அங்குலம் குறைந்தன. நாடா கெட்டுவிட்டது, வேறென்ன. திங்கள் மாலை வகுப்பில் அதை எஃகு அளவுகோலோடு சேர்த்து விரித்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. மேடத்திடம் வேறு இரண்டு நாடாக்களை வாங்கி அவற்றையும் பார்த்தேன்.

"என்ன, நாடாவுக்கு ஜோசியம் பாக்கறியா?" என்றார் மேடம்.

மறுநாள் கடையில் ஒருவருடைய கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நாடா இழுபட்டிருந்தால் பெரிய கடையில் தப்பு பெரிதாகவும், சின்னக் கடையில் சின்னதாகவும் வந்திருக்க வேண்டும். எட்டடிக் கடையிலும் மூன்று அங்குலம், பதினான்கடிக் கடையிலும் அதே மூன்று அங்குலம் என்றால், அது நாடா செய்யும் தப்பு இல்லை. யாரோ உட்கார்ந்து, எல்லாருக்கும் சமமாகக் கொடுத்த மூன்று அங்குலம்.

அந்த யாரோ யார் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எனக்குக்கூட.

அடுத்த இரண்டு நாளும் வேலைக்குப் போகும் முன் மீதி ஒன்பது கடைகளையும் அளந்தேன். டீக்கடைக்காரர் ஒவ்வொரு நாளும் என்னைப் பார்த்து, "என்னம்மா, மூணு அங்குலம் கெடச்சுதா?" என்று சத்தமாகக் கேட்பார். பெஞ்சில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கிடைத்தது. பன்னிரண்டிலும் கிடைத்தது. பன்னிரண்டு மூன்று முப்பத்தாறு. முப்பத்தாறு அங்குலம், மூன்றடி. அந்த வரிசையில் எங்கோ மூன்றடி இருக்கிறது. எந்தக் கடைக்குள்ளும் அது இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டை அப்பாவின் முன்னால் வைத்தேன்.

"நாடாவ மாத்து," என்றார் பார்க்காமலே.

"மாத்திட்டேன்பா. மூணு நாடாவுல பாத்தாச்சு."

அவர் நோட்டை வாங்கினார். ஒரு பக்கம் படித்தார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த வரைபடத்தை நேராக்கினார். அது கோணலாக இல்லை. பிறகு பீரோவின் மேல் தட்டிலிருந்து கயிறு கட்டிய ஒரு காகிதக் கட்டை இறக்கி, அதற்குள்ளிருந்து நீள்சதுரமான ஓர் அளவுப் புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் தேடி, என் நோட்டின் பக்கத்தில் வைத்தார். மங்கிய பென்சில் எழுத்து. டீக்கடை எட்டடி. ஏழு, பத்தடி ஆறு. எட்டு, பதினான்கடி. என்னுடைய எண்களேதான், நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே எழுதியவை. கடைசியில்: 'மிச்சம் 3 அடி.' அதற்குக் கீழே இன்னும் சின்ன எழுத்தில்: 'பகிர்ந்தது.'

"உள்ள அளந்து கூட்டறேன். சுவரெல்லாம் பதினாலு அங்குலம்னு சேத்துக்கறேன். வெளிய நாடா ஓட்டினா மூணு அடி கூட வருது," என்றார் அப்பா. "நாலு நாளா மழை. மறுபடி போய்ப் பாக்கலாம்னா வெள்ளிக்கிழமை ஷீட் வேணும்னு மேலதிகாரி நிக்கறார். பன்னெண்டு கடை, மூணு அடி. கணக்கு அவ்ளோ அழகா வகுபட்டுச்சும்மா. கடைக்கு மூணு அங்குலம் தானம் பண்ணிட்டேன்."

"எல்லாச் சுவரையும் அளந்தீங்களா?"

"ரெண்டு அளந்தேன். ரெண்டும் பதினாலு. மீதியும் அப்படித்தான் இருக்கும்னு எடுத்துக்கிட்டேன்."

நான் மேடத்திடம் ஒன்பது மார்க் வாங்கிய கதையை அப்போதுதான் சொன்னேன். அப்பாவுக்கு அதில் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அப்ப திங்கக்கிழமை நீங்க போய்ச் சொல்லிருங்கப்பா."

"என்னன்னு? இருபத்து நாலு வருஷமா சும்மா இருந்தான், அக்கா கடை போகப்போகுதுன்னதும் இவனுக்கு ஞானம் வந்துருச்சு பாருன்னு சொல்வாங்க. இந்த புக்கக்கூட நேத்து எழுதினதும்பாங்க. நான் வாயத் திறந்தா உங்க அத்தைக்குக் கெடுதல்தான்."

அவர் சொன்னது சரி. ராத்திரி முழுக்க யோசித்தும் அதில் எனக்கு ஓட்டை கிடைக்கவில்லை. அதனால் அதை விட்டுவிட்டு, மூன்றடியைத் தேடப் போனேன்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைவரிசையின் முன்னால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். கடைக்கும் கடைக்கும் நடுவில் சுவரின் முனை ஒரு தூண்போல வெளியே தெரியும். ஒவ்வொன்றாக அளந்தேன். பதினான்கு, பதினான்கு, பதினான்கு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வந்தேன். நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் இடம். துருப்பிடித்த சோப்பு விளம்பரத் தகரம் ஒன்று ஆள் உயரத்துக்கு மேல் வரை அடித்திருக்கும்; அதன் முன்னால் தபால்பெட்டி; அதன்மேல் சாய்த்து வைத்த இரும்புக்கடைக் குழாய்கள். குழாய்களுக்குப் பின்னால் கையை விட்டுத் தகரத்தின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை அளந்தேன்.

ஐம்பது அங்குலம்.

ஐம்பதில் பதினான்கு போனால் முப்பத்தாறு. நான் தபால்பெட்டியின் மேல் நோட்டை வைத்து இந்தக் கழித்தலை மூன்று தடவை போட்டேன்.

"என்னம்மா, என் குழாய்க்குள்ள என்ன தேடற?" இரும்புக்கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். மறைக்க எனக்குத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். அவர் உடனே உள்ளே போய்த் தன் நாடாவைக் கொண்டுவந்தார். குழாய்களைத் தானே நகர்த்தினார். அளந்தார். நெற்றியைச் சொறிந்தார்.

"அம்பதுதான். அதனால என்ன, தடிமனா ஒரே சுவரா கட்டியிருப்பான்."

அதுவும் சரிதான். ஐம்பது அங்குலத்தில் சுவர் இருக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? என் முகம் விழுந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"உள்ள காலியா இருக்குமோன்னு பாக்கற, இல்ல? சுத்தியல் எடுத்துட்டு வரவா?"

"என் சுவத்துல ஒரு தட்டு தட்டு, நானும் உன் தலையில ஒண்ணு தட்டறேன்," என்றாள் கல்லாவில் உட்கார்ந்திருந்த அத்தை.

தட்டாமல் பார்க்க ஒரு வழி இருந்தது. அத்தையின் பரணில், ஓட்டுக்குச் சற்றுக் கீழே, அந்தச் சுவரில் ஒரு சிறு ஜன்னலளவு சதுரத்தைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். முதல்முறை அளந்தபோதே பார்த்து, 'மாடம்?' என்று கேள்விக்குறி போட்டு எழுதியிருந்தேன். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன்: "நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம்பா. நாடாவோட ஒரு முனைய நான் பிடிக்கறேன். மறுமுனைய அவரே பிடிக்கட்டும். அவர் வாயால படிக்கட்டும்."

"நான் ஏணியப் பிடிச்சுக்கறேன்," என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் நான்கு பேரும் இருந்தோம். நான் பரணில்; கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்பா; அத்தை இடுப்பில் கை வைத்து. இரும்புக்கடைக்காரர் அவருடைய பரணில். அவர் பக்கமும் அதே உயரத்தில் பலகை இருப்பதாகக் கத்தினார். எனக்கு அப்போது வந்த பயத்தைச் சொல்ல வேண்டும். பலகைக்குப் பின்னால் செங்கல்லாக இருந்தால், நாளைக்கு அத்தை பெட்டி கட்ட வேண்டியதுதான். பத்தடி ஆறுதான் சரி என்று நிரூபித்த பெருமை மட்டும் எனக்கு மிஞ்சும்.

நான்கு ஆணிகள். மூன்று தானாகக் கையோடு வந்தன, நான்காவதை நெம்பினேன். பலகை விழுந்தது. தூசியும், நீண்ட நாள் பூட்டிய அறையின் குளிர்ந்த காற்றும் முகத்தில் வந்தன. பின்னால் செங்கல் இல்லை, இருட்டுதான். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு, ஒரு தும்மல். பிறகு இருட்டில் ஒரு சதுரம் வெளிச்சமாகி, அதில் இரும்புக்கடைக்காரரின் முகம், சட்டம் போட்ட படம்போல, என் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அக்கா!" என்று அவர் கத்தியது இரண்டு கடையிலும் எதிரொலித்தது. "நமக்கு நடுவுல ஒரு சந்து இருக்குக்கா!"

நாடாவை நீட்டினேன். என் சுவரின் கடைப்பக்க முகத்தில் நான் பூஜ்யத்தைப் பிடித்தேன். அவர் தன் சுவரின் கடைப்பக்க முகம் வரை இழுத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படித்தார். "அம்பது." பிறகு என் சுவரின் தடிமன். "பதினாலு." அவர் சுவர். "பதினாலு." நடுவில் இருந்த வெறுமை. அதை அவர் இரண்டு தடவை படித்தார். "இருபத்திரண்டு."

கீழே ஏணி லேசாக ஆடியது. அப்பாதான்.

"உள்ள என்ன இருக்குன்னு பாருடி!" என்றாள் அத்தை. டார்ச்சின் வெளிச்சம் அடிவரை போகவில்லை. அத்தை ஓர் இழுப்பறையிலிருந்து பாவாடை நாடாவை உருவி, முழம் முழமாக அளந்து வெட்டி மேலே எறிந்தாள். டார்ச்சை அதில் கட்டி இறக்கினேன். அது சுழன்றுகொண்டே இறங்கியது. சுவர்கள் மேலே கரடுமுரடாக இருந்தன. தரையிலிருந்து தோள் உயரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரு பட்டை வழவழவென்று மின்னியது, தேய்த்த வில்லைபோல. எத்தனையோ பேருடைய தோளும் சுமையும் உரசி உரசி மெருகேற்றிய பட்டை. தெருப்பக்கம் ஒரு குறுகிய கதவு. அதன் வெளிமுகத்தில்தான் சோப்புத் தகரம் இருக்கிறது. கதவுக்கு உள்ளே வந்ததும் கண்ணில் படும்படி, சுவரில் கறுப்பு மையால் ஒரு கை வரைந்திருந்தது. ஆள்காட்டி விரல் உள்ளே காட்டியது. கைக்குக் கீழே ஒரு தராசு. எழுத்து ஒன்றும் இல்லை. சுமக்கிறவர்களுக்குப் படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது தலையில் மூட்டையோடு யாரும் நின்று படிக்க மாட்டார்கள் என்பதாலும் இருக்கலாம்.

"பின்னாடி எடை போடற கூடம் இருந்திருக்கும்," என்றேன். "எடை போட்டு, அப்புறம் மூட்டை கடைகடையா போயிருக்கும். அந்தக் கொக்கி எல்லாம் அதுக்குத்தான். இருக்கலாம்."

"இருக்கலாமாம்," என்றாள் அத்தை. "கண்ணால பாத்தும் இவளுக்கு 'லாம்'தான்."

இரும்புக்கடைக்காரர் முகத்தில் ஏதோ கூட்டல் நடந்துகொண்டிருந்தது. "இரு இரு," என்றார். "அப்ப என் அஞ்சு கடையிலயும் மூணு மூணு அங்குலம் கம்மி. பதினஞ்சு அங்குலம்! பழைய பிளானை வெச்சுதான் எஞ்சினியர் புதுசு போட்டிருக்காரு. என் மாடிப்படியே போச்சே!"

அவர் பலகையைத் திருப்பி அடித்துவிட்டு, நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம். அப்பா வாயைத் திறந்தால் அக்காவுக்காக என்பார்கள். நான் சொன்னால் மருமகள் என்பார்கள்.

அவர் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டி, சுழலும் டார்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கை எதைக் காட்டுது? பின்னாடி வரைக்கும் போகுதா?" என்றார். தோளை நுழைக்கப் பார்த்தார். தோள் நுழையவில்லை. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். வயிறு நுழையவில்லை.

"எப்படியும் என் உடம்பு போகாத எடம் எனக்குச் சொந்தமா இருக்க முடியாது," என்றார் கடைசியில். "சுவர் ரெண்டுக்கா. நானே சொல்றேன். நாளைக்கு இந்தத் தகரத்தையும் நானே கழட்டறேன். ஆனா முதல்ல உள்ள போறது யாருன்னு இப்பவே பேசிக்கலாம்."

"உன்னால முடியாதுன்னு இப்பதான சொன்ன?"

"இளைக்கறேன்."

திங்கட்கிழமை விசாரணைக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். இரும்புக்கடைக்காரர் சொன்னபடியே சொன்னார். ஐம்பது, பதினான்கு, பதினான்கு, இருபத்திரண்டு என்று மனப்பாடமாக ஒப்பித்தார். அதோடு அப்பா சும்மா இருந்திருக்கலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் எழுந்து, அந்த அளவுப் புத்தகத்தை மேசைமேல் திறந்து வைத்தார். "சரியா அளந்ததும் என் கைதான் சார். அதை மாத்தி வரைஞ்சதும் என் கைதான்," என்றார். அதிகாரி பக்கத்தை ஒரு தடவை பார்த்தார், அப்பாவை ஒரு தடவை பார்த்தார். எல்லாரும் நடந்தே கடைவீதிக்குப் போனோம். தகரம் கழன்றபோது டீக்கடை பெஞ்சே எழுந்து வந்து நின்றது. கதவின் பின்னால் அந்தக் கை, இத்தனை வருடம் கழித்து வந்த கூட்டத்துக்கும் வழி காட்டியது. ஏழாம் எண்ணுக்குத் தன் சுவர் தனியே இருக்கிறது, காலி செய்யத் தேவையில்லை என்று மூன்றாம் நாள் கடிதம் வந்தது. அத்தை அதை மடித்து இழுப்பறை ஒன்றில் வைத்துவிட்டாள். எந்த இழுப்பறை என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.

அப்பாவுக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கூடத்தில் இருந்த படத்தைக் கழற்றி, சட்டத்தைப் பிரித்து, பன்னிரண்டு எண்களையும் சிவப்பு மையால் திருத்தினார். பிறகு தானே கடைகடையாகப் போய் ஒவ்வொருவரிடமும் சொன்னார். நானும் கூடப் போனேன்.

"அப்ப என் மூணு அங்குலத்த எங்க சார் வெச்சீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"உங்க கிட்ட எப்பவும் இல்லீங்க. நான்தான் இருக்குன்னு சொல்லிட்டேன்."

"போகட்டும். இருக்குன்னு நெனச்சு கொஞ்சம் தாராளமாத்தான் இருந்தோம்," என்று சொல்லி எங்களுக்கு டீ போட்டார்.

நான் வகுப்பில் என் பழைய படத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கினேன். ஏன் என்று மேடம் கேட்டார். ஒன்பதாக்கிய ஆறின் கதையைச் சொன்னேன். அவர் பத்துக்கு ஒன்பதை அடித்துவிட்டு இடத்தைக் காலியாக விட்டார். புதிதாக வரைந்தேன். வரலாற்றுப் பக்கத்தில், சந்து எப்போது மூடப்பட்டது, யார் மூடினார்கள், எடைக்கூடம் இருந்ததா என்ற மூன்றுக்கும் 'தெரியவில்லை' என்றே எழுதினேன். சந்தின் மறுமுனையில் இப்போது ஒரு லாரிக் கொட்டகையின் சுவர் மறிக்கிறது. அந்தக் கொட்டகைக்காரரிடம் அளக்க அனுமதி கேட்டிருக்கிறேன். கூட இரும்புக்கடைக்காரரும் வருவாராம், நாடா பிடிக்க.

கடைசியாக முழு வரிசையையும் கூட்டினேன். பன்னிரண்டு கடைகள், பதினான்கு சுவர்கள், ஒரு சந்து. வெளியே நாடா ஓட்டிய நீளத்தோடு ஒப்பிட்டேன். கால் அங்குலம் இடித்தது. மூன்று தடவை கூட்டியும் அதே கால் அங்குலம். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையில் பென்சில்கூட இருந்தது.

"மிச்சம்: கால் அங்குலம்," என்று எழுதி, படத்தைச் சுருட்டினேன்.